செபஸ்தியாருக்கு எடுத்து வைத்த புதினா

என் அம்மா கித்தேரியம்மாள் பிரிட்ஜை வைத்திருந்த இடம் தவறு. அவள் உயிரோடு இருந்தபோதே இதைச் சொன்னேன். இறந்துவிட்டாள் என்பதற்காக அது சரியாகிவிடாது.

அட்டுவம்பட்டியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்டு, ஜன்னல் வைத்து அடைத்த ஒரு வராந்தா உண்டு. வடக்குப் பார்த்தது. வெயில் எட்டிக்கூடப் பார்க்காது. டிசம்பரில் அங்கே வாளித் தண்ணீரில் கைவைத்தால் விரல் மரத்துப்போகும். தம்பி டேனி துபாயிலிருந்து பணம் அனுப்பி வாங்கச் சொன்ன டபுள் டோர் பிரிட்ஜை அம்மா அங்கேதான் கொண்டுபோய் நிறுத்தினாள். குளிர்ந்த இடத்தில் இருந்தால் மெஷினுக்கு வேலை குறைவு, கரண்ட்டும் மிச்சம் என்பது அவள் கட்சி.

மதுரையில் அது சரியாக இருக்கலாம். கொடைக்கானலில் இல்லை. நான் குளிர்பதனப் பொறியாளர். கோயம்புத்தூரில் காய்கறிக் கிடங்குகளுக்குக் குளிர்சாதனம் அமைக்கும் கம்பெனியில் இருக்கிறேன். அதனால் அம்மாவிடம் வருடா வருடம் விளக்கினேன். இந்த வகைப் பிரிட்ஜில் எவ்வளவு குளிர் என்று பார்க்கும் கருவி கீழறையில் இருக்கிறது. வராந்தாவே ஐஸாகக் கிடக்கும்போது கீழறை தானாகக் குளிர்ந்துவிடும். கருவி போதும் என்று முடிவு செய்துகொள்ளும். கம்ப்ரசர் ஓடாது. அது ஓடாவிட்டால் மேலே பிரீசருக்கும் குளிர் போகாது. ஆகவே தோட்டத்தில் உறைபனி விழும் நாட்களில்தான் உள்ளே பிரீசர் இளகும்.

"அடுப்படிக்குள்ள மாத்தும்மா" என்றேன்.

"அடுப்புப் பக்கத்துல எவளாச்சும் பிரிட்ஜ வைப்பாளாடி? ஒனக்கு எவன் டிகிரி குடுத்தான்?"

"உள்ள கதகதப்பா இருந்தாத்தான் பிரீசர் வேலை செய்யும்."

"குளுராத்தான் இருக்கக் கூடாதாக்கும். நல்லா இருக்குடி ஒன் படிப்பு. அதெல்லாம் கோயமுத்தூருக்குச் சரி. இங்க நான் பாத்துக்குறேன், போன வையி."

இப்படித்தான் எங்கள் பேச்சு முடியும்.

அம்மா பூண்டியில் கேரட் விதைத்த குடும்பத்தில் பிறந்தவள். டூரிஸ்ட் வேன் ஓட்டிய என் அப்பா உபகாரத்தைக் கட்டிக்கொண்டு அட்டுவம்பட்டிக்கு வந்தாள். மிஷன் ஆட்கள் நடத்திய ஒரு விருந்தினர் விடுதியில் காய் நறுக்கச் சேர்ந்தாள். பிறகு அங்கேயே சமையல்காரி ஆனாள். வெளிநாட்டு சிஸ்டர்கள் சூப்பில் போட்ட தழைகளை எல்லாம் மோந்து பார்த்து, பிடித்ததைக் கிள்ளிவந்து வீட்டுப் பின்கட்டில் ஊன்றினாள். பார்ஸ்லி, தைம், ரோஸ்மேரி. நடுவில் நம் புதினாவும் கொத்தமல்லியும். விடுதி வேலையை விட்ட பிறகும் தோட்டத்தை விடவில்லை. இலையை உறையவைத்துப் பத்திரப்படுத்தலாம் என்பதும் அங்கே கற்றதுதான். பிரிட்ஜைக் குளிர்ந்த இடத்தில் வை என்பதையும் அங்கேதான் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்த யாரோவை நான் பார்க்க வேண்டும்.

இலையை எப்படி உறையவைப்பது என்றும் சொல்லியிருக்கிறேன். நன்றாக அலசு. கொதிக்கும் தண்ணீரில் ஒரு முக்கு முக்கி உடனே பச்சைத்தண்ணீரில் போடு, பச்சை நிறம் போகாது. ஈரத்தைத் துணியில் ஒற்றி எடு. பொடியாக நறுக்கி ஐஸ் தட்டில் போட்டு, கொஞ்சம் எண்ணெய் ஊற்றி உறையவை. கட்டிகளைப் பையில் போட்டுக் காற்றை அமுக்கி வெளியேற்று. மேலே பெயர் எழுது. ரோஸ்மேரி மாதிரி முரட்டு இலையாக இருந்தால் குச்சியோடு அப்படியே வைக்கலாம். இதற்காக ஜிப் வைத்த பைகளும் பேனாவும் அனுப்பினேன். அடுத்த முறை போனபோது ஒரு பையில் அப்பாவின் லைசென்ஸ் இருந்தது. இன்னொன்றில் ஜெபமாலை. மற்றவற்றில் மாத்திரை.

இலைகள் பால் பாக்கெட்டில்தான் இருந்தன. வெட்டிக் கழுவிய பழைய பால் பாக்கெட். ஈரத்தோடு திணித்து, வாயைச் சுருட்டி, ரப்பர் பேண்ட். பெயர் கிடையாது. நீலப் பாக்கெட் புதினா, பச்சைப் பாக்கெட் கொத்தமல்லி, ஆரஞ்சு பாக்கெட் வெள்ளைக்காரத் தழை என்று ஒரு கணக்கு வைத்திருந்தாள். நீலப் பால் வராத நாளில் புதினா எதில் போகும் என்று கேட்டேன்.

"எதுல இருக்கோ அதுல."

"அப்ப எது எதுன்னு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியும்ல?"

ஒரு தடவை அப்பா ரசத்துக்குக் கொத்தமல்லி என்று தைம் எடுத்துப் போட்டுவிட்டார். இரண்டு நாள் வீடே தைலக் கடை மாதிரி இருந்தது. அம்மா சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போனாள். பெயர் மட்டும் எழுதவில்லை.

இவ்வளவு பாடும் எதற்கென்றால், செபஸ்தியாருக்கு. டேனி கைக்குழந்தையாக இருந்தபோது மூளைக்காய்ச்சல் வந்து பிழைத்தான். அப்போது அம்மா ஒரு நேர்ச்சை செய்தாள். எங்கள் சிற்றாலயத்தில் ஜனவரியில் செபஸ்தியார் திருவிழா. அன்று ஊருக்கே அசனம்: சோறும் கறிக்குழம்பும். அந்தக் குழம்புக்கு வேண்டிய புதினாவும் மல்லியும் தன் கையால் வளர்த்துத் தருவதாக நேர்ந்துகொண்டாள். ஜூலைத் திருவிழாக்காரப் புனிதராகப் பார்த்து நேர்ந்திருக்கலாம். ஜனவரியில் இங்கே பனியில் புதினா கருகிக் குச்சியாக நிற்கும். வத்தலக்குண்டிலிருந்து கட்டுக் கட்டாக வருகிறதே, அதை வாங்கிக் கொடுத்தால் ஆகாதா என்று டேனியே கேட்டிருக்கிறான். ஆகாது. அதனால் தீபாவளியை ஒட்டியே எல்லாவற்றையும் அறுத்து பிரீசரில் அடைத்துவிடுவாள். அது பாதி இளகி, பாதி இறுகி, கறுத்து எப்படியோ ஜனவரி வரை வந்துசேரும். கொதிக்கிற கறிக்குழம்பில் போட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

இந்த வருடம் ஐப்பசி மழையில் ஒரு மத்தியானம், பின்பக்கக் குழாயடியில் புதினா அலசிக்கொண்டிருந்தபோது அம்மாவுக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறதே என்று அப்பா குழாயை மூடத்தான் போனார். அன்று சாயங்காலம் வீடு நிறைய ஆட்கள் இருந்தபோது, பாதி அலசிய அந்தப் புதினாவை ஒரு பாக்கெட்டில் திணித்து பிரீசரில் வைத்தார்.

டிசம்பர் தொடக்கத்தில் போன் செய்தார்.

"ஏத்தா, பிரிட்ஜ் அழுவுது."

"என்னப்பா?"

"அடியில தண்ணியா கெடக்கு. எல எல்லாம் கொழகொழங்குது. வெரசா வந்து பாரு."

பழனி வழியாகப் பஸ்ஸில் மலையேறினேன். பெருமாள்மலை தாண்டும்போதே ஜன்னல் கண்ணாடியில் ஈரம் கட்டிவிட்டது. வீட்டுக்குப் போய் பிரீசரைத் திறந்தேன். பாக்கெட்டுகள் நடுவில் மட்டும் கட்டியாக, ஓரமெல்லாம் தளர்ந்து கிடந்தன. இன்னும் பிழைக்கலாம்.

"அடுப்படிக்கு மாத்திருவோம். ஒரு கை பிடிங்க."

அப்பா கையைக் கட்டிக்கொண்டார். "அவ வச்ச எடம். நகத்தக்கூடாது."

"இங்க இருந்தா இலை தங்காதுப்பா."

"இத்தன வருசம் தங்குச்சில்ல?"

"தங்கல. இளகி இளகித்தான் இருந்துச்சு. கறுப்பா இருந்ததை நீங்க பாக்கலையா?"

"செத்தவள குத்தம் சொல்லாத."

நேர்ச்சை என்பது உயிரோடு இருப்பவர்களுக்குத்தான், அது அம்மாவோடு முடிந்தது, வேண்டுமென்றால் இலையை இப்போதே சமைத்துவிடலாம் என்றேன். அவர் ஒரேயடியாக மறுத்தார்.

"எடுத்து வச்சிட்டாள்ல? எடுத்து வச்சது செபஸ்தியாருது. திருநாள் வரைக்கும் காப்பாத்திக் குடுக்கணும். அதுக்குத்தான ஒன்னயப் படிக்க வச்சேன்."

பிரிட்ஜை நகர்த்தக் கூடாது. இலையும் கெடக் கூடாது. சரி, கீழறையைச் சூடாக்குவதைத் தவிர வழியில்லை. உள்ளே கொஞ்சம் சூடு இருந்தால் கம்ப்ரசர் ஓடும், ஓடினால் மேலே உறையும். வருடா வருடம் கிறிஸ்துமஸுக்கு வாசலில் தொங்கவிடும் காகித ஸ்டார் பரண்மேல் இருந்தது. துக்க வீடு என்பதால் இந்த வருடம் கட்டப்போவதில்லை. அதிலிருந்த குண்டு பல்பைக் கழற்றினேன். வயரைக் கதவு ரப்பர் வழியாக நுழைத்து, கீழறையில், எதிலும் படாமல் தொங்கவிட்டு எரியவைத்தேன்.

அப்பா நான் செய்வதை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிரிட்ஜுக்குள்ள பல்பு எரிய விட்டா எல வெந்துறாதா?"

"கீழ சூடானாத்தான் மேல உறையும்."

"நீ சொல்லுறது ஒனக்காச்சும் வெளங்குதா?"

"வெளங்குது. நாளைக்குப் பாருங்க."

மறுநாள் காலையில் கம்ப்ரசர் உறுமிக்கொண்டிருந்தது. பாக்கெட்டுகள் கல்லாக இறுகியிருந்தன. ஒன்றை எடுத்து மேஜையில் தட்டிக் காட்டினேன். டொக்கென்றது. அப்பா தலையாட்டினார். பல்பை அணைக்காதீர்கள், கதவைத் திறக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுக் கோயம்புத்தூருக்குத் திரும்பினேன்.

தினமும் சாயங்காலம் போன் செய்தேன்.

"பல்பு எரியுதாப்பா?"

"எல்லாம் நல்லா இருக்கு."

"பல்பு?"

"அதான் சொல்லுறேன்ல, எல்லாம் நல்லா இருக்குன்னு. நீ சாப்டியா?"

நான் கேட்ட கேள்விக்கு அவர் ஒருநாளும் பதில் சொல்லவில்லை. இதை அப்போதே கவனித்திருக்கலாம்தான். ஆனால் எங்கள் வீட்டில் யாரும் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் பழக்கம் இல்லை.

கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்தேன். பையைக்கூட இறக்காமல் வராந்தாவுக்குப் போனேன். ஜன்னல் இரண்டும் விரியத் திறந்திருந்தன. பல்பு செய்தித்தாளில் பத்திரமாகச் சுற்றப்பட்டு பிரிட்ஜின் தலையில் இருந்தது. கம்ப்ரசர் சத்தமில்லை. பிரீசரைத் திறந்ததும் ஊறிய வைக்கோல் மாதிரி ஒரு வாடை வந்தது. ஒரு பாக்கெட்டை அமுக்கினேன். கை உள்ளே போனது.

"யாரு பல்பை எடுத்தது?"

"நான்தான்." அப்பா மங்கி குல்லாவோடு வந்து நின்றார். "சூடு ஏறிரும்னு பயமா இருந்துச்சு. பனி நல்லா எறங்குதுல்ல, உள்ள போகட்டும்னு ஜன்னலத் தொறந்து விட்டேன்."

"எத்தனை நாளா?"

"நீ போன மக்காநாள்லேருந்து."

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று முழுவதும் நினைவில்லை. கம்ப்ரசர் என்ற வார்த்தை பலமுறை வந்தது. பக்கத்து வீட்டு முருகம்மாள் வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள். அம்மாவுக்கு முப்பது வருடத் தோழி. தினம் ஒருமுறை சண்டை போடாவிட்டால் இருவருக்கும் சாப்பாடு இறங்காது.

"ஏத்தா ரெஜினா, தெரு முக்கு வரைக்கும் கேக்குது. பெத்தவரையா இப்படிப் பேசுவ? பாவம், பனிய உள்ள விடுறேன்னு குல்லாவப் போட்டுக்கிட்டு அந்த ஜன்னலயே காத்துக்கிட்டு கெடந்தாரு மனுசன்."

"அதனாலதான் எல்லாம் கெட்டுப்போச்சு!"

"குளுரு பட்டா கெடுமா?"

"ஆமா!"

முருகம்மாள் அப்பாவைப் பார்த்தாள். "அண்ணே, புள்ளைக்கு மனசு சரியில்ல. ஒரு காப்பி போட்டுக் குடுங்க."

அப்பா காப்பி போடப் போகவில்லை. பிரீசருக்குள் கையை விட்டு மூலையிலிருந்த ஒரு பாக்கெட்டை எடுத்தார். நெஞ்சோடு வைத்துக்கொண்டார். அதன் வாயிலிருந்து பச்சைத் தண்ணீர் ஒழுகி ஸ்வெட்டரில் இறங்கியது.

"திருநாளுக்கு என்னத்தக் குடுக்க?" என்றார்.

திட்ட எனக்கு இன்னும் நிறைய மிச்சமிருந்தது. அத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

ஒருமுறை முழுக்க இளகிய இலையை மறுபடி உறையவைத்துப் பயனில்லை. செல்கள் உடைந்துவிட்டன. இனி அது இலை இல்லை, கூழ். குழம்பில் போட ஜனவரி வரை தாங்காது. ஆனால் தண்ணீரை வற்றவைத்து, புளியும் உப்பும் நல்லெண்ணெயும் தாராளமாக ஏற்றினால், இந்தக் குளிரில் அது பிரிட்ஜ் இல்லாமலே திருவிழா வரை நிற்கும்.

"தொக்கு கிண்டிருவோம்" என்றேன்.

"அவ எலயாத்தான குடுப்பா?"

"இலை இல்லப்பா. நீங்க ஜன்னலத் திறந்துட்டீங்க."

அவர் போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தார்.

அடுப்படித் தரையில் பேப்பர் விரித்து எல்லாவற்றையும் கொட்டினேன். நீலமும் பச்சையும் ஆரஞ்சும் கலந்து கிடந்தன. நிறத்தை நம்பிப் பயனில்லை. ஒவ்வொன்றாகப் பிரித்து மோந்து பார்க்க வேண்டியிருந்தது. புளித்த வாடை அடித்தவற்றை ஒதுக்கினேன். நான் ஒதுக்கியதை அப்பா எடுத்து மோந்து பார்த்துவிட்டு மறுபடி நல்லதோடு சேர்த்தார். நான் மறுபடி ஒதுக்கினேன்.

"இது நல்லாத்தான இருக்கு?"

"உங்களுக்குச் சளி பிடிச்சிருக்கு. உங்களுக்கு எதுவும் தெரியாது. தள்ளுங்க."

"அம்மா மாதிரியே வெடுக்குன்னு பேசுது பாரு" என்றாள் முருகம்மாள், அரிவாள்மணையை இழுத்துப் போட்டுக்கொண்டு. "ஆனா ஒங்கம்மாளுக்கு இம்புட்டுக் கோவம் வராது. அவ ஒரு வார்த்தைதான் சொல்லுவா. அதுலயே நமக்குத் தூக்கம் வராது."

பாக்கெட் திறக்கத் திறக்க அவள் புலம்பினாள். "இது புதினாவா மல்லியா, எழவு? எல்லாம் சாணி மாதிரி கெடக்கு. ஏ கித்தேரி, ஒரு பேரு எழுதி வச்சிருந்தா கொறஞ்சா போயிருப்ப?"

பேர் எழுதச் சொல்லி எத்தனை முறை சொன்னேன் என்று நான் ஆரம்பித்தேன். "ஆமா, நீ சொல்லி அவ கேட்டுட்டாலும்" என்றாள்.

கடைசியில் அப்பா கையில் இருந்த அந்த ஒரு பாக்கெட் மட்டும் மிச்சம். நான் கை நீட்டினேன். கொஞ்சம் யோசித்துவிட்டுக் கொடுத்தார். திறந்தால் அடியில் மண். வேரோடு பிடுங்கியது, பாதிதான் அலசியிருந்தது. தூக்கிப் போட்டிருக்க வேண்டும். வேலையில் இருந்தால் போட்டிருப்பேன். வடிகட்டியில் கொட்டி, குழாய்த் தண்ணீரில் காட்டி, மண் வருவது நிற்கும்வரை அலசினேன். பிறகு மண் நின்ற பிறகும் அலசினேன். முருகம்மாள் வந்து குழாயை மூடினாள்.

அரைத்து, வெண்கல உருளியில் ஏற்றி, எண்ணெய் பிரியும்வரை கிண்டினோம். நான் கிண்டினால் அடிப்பிடிக்கும் என்று அப்பா கரண்டியைப் பிடுங்கிக்கொண்டார். அவர் கிண்டி அடிப்பிடித்தது. சூடு ஏற ஏறப் புதினா மணத்துக்கு நடுவில் வேறு ஒரு வாடை கிளம்பியது.

"இதென்னடி, தைலம் தேச்ச மாதிரி?" என்று முருகம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்தினாள்.

தைம். எவ்வளவு கலந்தது என்று தெரியவில்லை. எடுக்கவும் முடியாது. ஆறவைத்து, மேலே எண்ணெய் நிற்கும்படி ஊறுகாய் ஜாடியில் நிரப்பினேன். ஜாடியை வெளியே வைத்தாலே கெடாது என்று விளக்கினேன். அப்பா கவனமாகக் கேட்டுக்கொண்டு, அதைத் தூக்கிப்போய் பிரிட்ஜில் வைத்தார். விட்டுவிட்டேன். வெயிலில் வைத்தாலும் தாங்கும்படிதான் உப்புப் போட்டிருந்தேன்.

திருவிழா அன்று லீவு போட்டுவிட்டு வந்தேன். சிற்றாலயத்துக்குப் பின்னால் பந்தல். அசனத்துக்குச் சமைத்த அருள்பிரகாஷ் அம்மாவிடம் விடுதியில் எடுபிடியாக இருந்து தொழில் பழகியவர். அப்பா ஜாடியை இரு கையாலும் பிடித்துக்கொண்டு போய் அவரிடம் நீட்டினார்.

"கித்தேரி குடுத்தது. எலயா இல்ல. தொக்கா இருக்கு."

அருள்பிரகாஷ் விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். கண்ணைச் சுருக்கினார். "என்ன மாமா, மருந்து மாதிரி ஒரு வாசன அடிக்குது?"

"அது அப்படித்தான். நேர்ச்ச."

"குழம்புல போட்டா மொத்தமும் மாறிரும் மாமா. கறி நாப்பது கிலோ. ஊரே என்னய வையும். எலயில ஓரமா வைப்போம், சரியா?"

"யாரு வைக்க?"

"நீங்களே வைங்க."

பந்தி உட்கார்ந்தது. சோறு போய், குழம்பு போய், பின்னால் அப்பா. ஜாடி அக்குளில், கையில் ஸ்பூன். ஜாடியை நான் பிடித்துக்கொள்கிறேன் என்றேன். வேண்டாம் என்றார். ஒவ்வோர் இலையிலும் குனிந்து வைத்தார். "கித்தேரி குடுத்தது" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். சிலர் இலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஒரு பெரியவர் நக்கிப் பார்த்துவிட்டு, "இருமலுக்கு நல்லது போல" என்று பக்கத்து ஆளிடம் சொன்னார். ஒரு பிள்ளை முகத்தைச் சுளித்து ஓரமாகத் தள்ளியது. அதன் தாய் தொடையில் கிள்ளி, எடுத்து வாயில் ஊட்டினாள். முருகம்மாள் இரண்டாம் முறை கேட்டு வாங்கினாள்.

நடுப் பந்தி தாண்டியதும் ஸ்பூன் ஜாடியின் அடியில் உரசும் சத்தம் கேட்டது. கடைசி இரண்டு வரிசைக்கு இன்னும் போகவில்லை.

"மாமா, இங்க வரல" என்று யாரோ கூப்பிட்டார்கள்.

அப்பா ஜாடியைச் சாய்த்து உள்ளே பார்த்தார். சுரண்டினார். மறுபடி சாய்த்தார்.

"முடிஞ்சு போச்சுப்பா" என்றார்.

அங்கேயே நின்றார். குழம்பு வாளிக்காரர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். "முடிஞ்சு போச்சு" என்று இன்னொருமுறை சொன்னார், யாரும் கேட்காமலே.

நான் போய் அவர் கையிலிருந்து ஸ்பூனை வாங்கினேன். ஆளுக்கு அரை ஸ்பூன் போதும் என்று கிளம்பும்போதே சொல்லியிருந்தேன்.